பெரிதாக்கப்பட்ட சிறுவன்: பயிற்சிப் படங்களையும் திறனாய்வு செய்வோம்



கவிதையைத் திறனாய்வு செய்ய நம்மிடம் கருவிகள் உண்டு. பாடுபொருள், அணி, மொழிநடை என்று பிரித்துப் பார்ப்போம். சிறுகதை என்றால் கரு, பாத்திரம், பின்னணி, உத்தி. ஆனால் பயிற்சித்தாளில் வரும் படத்தை யாராவது திறனாய்வு செய்கிறோமா? "படத்தை உற்றுநோக்கி எழுதுக" என்று ஒரு வரி போட்டுவிட்டு, படம் சரியாகத்தான் இருக்கும்னு நம்பிவிடுகிறோம். மாணவன் எழுதியதில் குறை கண்டுபிடிக்கிறோம். படத்தில் குறை தேடுவதில்லை.

முன்பு படம் அச்சகத்திலிருந்து வந்தது. இப்போது பெரும்பாலும் ஆசிரியரின் மடிக்கணினியிலிருந்து வருகிறது. ஃபோட்டோஷாப், கிம்ப், கேன்வா, ஒன்றும் இல்லையென்றால் பவர்பாயிண்ட். ஆக, படத்தை ஆக்குகிறவர் நாமே. அப்படியானால் அதைக் கேள்வி கேட்க வேண்டியவரும் நாம்தான். இந்தக் கட்டுரை ஒரே ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்கிறது: படத்தின் ஒரு பகுதியை மட்டும் தெரிவு செய்து பெரிதாக்குவது அல்லது சிறிதாக்குவது. சின்ன வேலைதான், இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அது படத்தின் கதையையே மாற்றிவிடும் என்பதுதான் என் வாதம்.

இரவுச் சந்தைப் படம்

பயிற்சித்தாள்களில் அடிக்கடி வரும் வகைப் படம் ஒன்றை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். இரவுச் சந்தை. முன்னால் அப்பம் பாலிக் சுடும் வியாபாரி. அவர் எதிரே காசு கொடுக்கக் கைப்பையைத் துழாவும் ஓர் அம்மா. கொஞ்சம் பின்னால், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கையில் ஒரு பணப்பையுடன் நிற்கிறான். ஆசிரியர் மனத்தில் இருக்கும் கதை இது: அம்மா தவறவிட்ட பணப்பையைச் சிறுவன் கண்டெடுத்து ஒப்படைக்கிறான். தலைப்பு, நேர்மை.

இதில் ஒரு சிக்கல். சிறுவன் பின்னால் நிற்பதால் சிறியதாகத் தெரிகிறான். கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் அவன் கையில் இருப்பது பணப்பையா, கைப்பேசியா என்றே தெரியாது. எனவே ஆசிரியர் சிறுவனை மட்டும் வெட்டித் தனி அடுக்கில் வைத்து, மூலையைப் பிடித்து இழுக்கிறார். ரொம்ப இழுத்தா அசிங்கமா இருக்கும்னு 30 விழுக்காடு மட்டும். பாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது; தலை மட்டும் மேலே போகிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். சிறுவனின் உயரம் 130 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 விழுக்காடு கூட்டினால் 169. அது பத்து வயதுப் பையனின் உயரம் இல்லை, வளர்ந்த ஆளின் உயரம். நகலில் முகம் தெளிவாக இருக்காது. ஆகவே மாணவர் உயரத்தைத்தான் நம்புவார். "ஓர் ஆடவன் அந்த மாதின் பணப்பையைத் திருடிக்கொண்டு நின்றான்" என்று எழுதுவார். விடைப்பட்டியலில் "சிறுவன்", "கண்டெடுத்தல்", "நேர்மை" என்று இருக்கும். திருத்துபவர் சிவப்பு மையில் "படத்தைக் கவனி" என்று எழுதுவார். அந்த மாணவர் படத்தைக் கவனித்ததால்தான் அப்படி எழுதினார்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆசிரியர் சிறுவனை இரண்டு மடங்காக்கியிருந்தால் அவன் 260 சென்டிமீட்டர் உயர அரக்கனாகியிருப்பான். வகுப்பே சிரித்திருக்கும், படமும் குப்பைக்குப் போயிருக்கும். அளவோடு செய்த மாற்றம்தான் ஆபத்தானது. அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கண்மட்டக் கோடு

ஏன் உயரம் மாறியதுபோல் தெரிகிறது? பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் தொடுவானக் கோட்டில் இருக்கிறது.

சமதரையில் நின்று, கண் உயரத்தில் கேமராவைச் சாய்க்காமல் பிடித்து ஒரு படம் எடுத்தால், அதே உயரமுள்ள எல்லார் கண்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமையும். பக்கத்தில் நிற்பவர் பாதம் படத்தில் கீழே இருக்கும், தூரத்தில் நிற்பவர் பாதம் மேலே இருக்கும். ஆனால் தலைகள் ஒரே வரிசையில் நிற்கும். பள்ளிச் சபைகூடலில் எடுத்த படத்தைப் பார்த்தாலே இது புரியும். குட்டையானவர் எங்கே நின்றாலும் அவர் தலை அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். நம் கண் ஆளின் உயரத்தை அளப்பது இந்தக் கோட்டை வைத்துத்தான். யாரும் சொல்லித்தராமலேயே இதைச் செய்கிறோம்.

ஆசிரியர் செய்தது என்ன? பாதத்தை ஊன்றிவிட்டு மேல்நோக்கி இழுத்தார். சிறுவனின் தலை கோட்டைத் தாண்டிவிட்டது. அதனால் அவன் நமக்கு அருகில் வரவில்லை. நின்ற இடத்திலேயே வளர்ந்துவிட்டான்.

இதைச் சரியாகச் செய்ய ஒரு வழி உண்டு. பெரிதாக்கும்போது எந்தப் புள்ளியை நிலையாக வைத்துப் பெரிதாக்க வேண்டும் என்பதை ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் நாமே மாற்றலாம். அந்தப் புள்ளியைப் பாதத்தில் வைக்காமல், சிறுவனுக்கு நேர்மேலே கண்மட்டக் கோட்டில் வையுங்கள். இப்போது பெரிதாக்கினால் தலை கோட்டுக்குக் கீழேயே நிற்கும், பாதம் கீழே இறங்கும். சிறுவன் சிறுவனாகவே முன்னால் நடந்து வந்திருப்பான். அதே 30 விழுக்காடுதான், அதே கருவிதான். ஒரு புள்ளியை எங்கே வைத்தோம் என்பதில் கதை மாறிவிடுகிறது.

மென்பொருள் இட்டு நிரப்புவது

இன்னொரு விஷயமும் உண்டு. 100 படப்புள்ளி அகலமும் 100 உயரமும் உள்ள ஒரு பகுதியில் 10,000 புள்ளிகள் இருக்கும். அதை இரண்டு மடங்காக்கினால் 40,000 புள்ளிகள் வேண்டும். மீதி 30,000 எங்கிருந்து வரும்? கேமரா அவற்றைப் பார்க்கவே இல்லை. பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தை வைத்து மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்புகிறது. அதனால்தான் பெரிதாக்கிய பகுதி கொஞ்சம் மங்கி, களிம்பு தடவியதுபோல் இருக்கும்; சுற்றியுள்ள பகுதி கூர்மையாக இருக்கும்.

மாணவர்களே, ஒரு படத்தில் ஒருவர் மட்டும் மங்கலாக இருந்து, அவருக்குப் பக்கத்தில் அதே தூரத்தில் நிற்பவர் தெளிவாக இருந்தால் சந்தேகப்படலாம். நிழலையும் பாருங்கள். ஆளைத் தெரிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நிழலைத் தெரிவு செய்ய மறந்துவிடுவார்கள். ஆள் வளர்ந்திருப்பார், நிழல் பழைய அளவிலேயே கிடக்கும். சிறிதாக்கியிருந்தால் இன்னும் எளிது. அவர் முன்பு மறைத்திருந்த இடம் வெற்றாகிவிடும். அதைப் பக்கத்துச் சுவரையோ புல்லையோ நகலெடுத்து மூடியிருப்பார்கள். ஒரே செங்கல், ஒரே புல்கட்டு இரண்டு தடவை வரும்.

பிரமிடுகள் நகர்ந்த கதை

"பள்ளிப் பயிற்சிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று தோன்றினால், உலகப் புகழ்பெற்ற ஓர் இதழ் இதே இடத்தில் எப்படிச் சறுக்கியது என்று பாருங்கள். 1982 பிப்ரவரி மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் எகிப்தின் கீசா பிரமிடுகள் வந்தன. முன்னால் ஒட்டகங்களில் ஆட்கள், பின்னால் பிரமிடுகள். கோர்டன் காஹன் எடுத்த மூலப்படம் அகலவாக்கில் இருந்தது, அட்டையோ நெடுக்குவாக்கில். கணினியின் உதவியால் பிரமிடுகளை ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் கொண்டுவந்து அட்டைக்குள் அடக்கினார்கள்.

இதழின் தரப்பில் அன்று சொல்லப்பட்ட நியாயம் சுவையானது. படம் எடுத்தவர் சில அடி தள்ளி நின்றிருந்தால் கிடைத்திருக்கும் காட்சிதானே இது என்றார்கள். அதாவது, நடந்திருக்கக்கூடிய ஒன்று. ஆனால் அந்த இதழை மக்கள் வாங்கியது நடந்திருக்கக்கூடியதைப் பார்க்க அன்று, நடந்ததைப் பார்க்க. கண்டனம் எழுந்தது. 2016 இல் அதே இதழின் ஆசிரியரே அந்தக் கண்டனம் தகுந்ததுதான் என்று எழுதினார். 34 ஆண்டுகள் கழித்தும் அந்த அட்டை பேசப்படுகிறது.

இங்கே எந்தப் பிரமிடும் பொய்யானது இல்லை. ஒட்டகங்களும் உண்மை. மாறியது இடைவெளி மட்டும். ஒரு படத்தில் "ஒன்றும் இல்லாத" பகுதி என்று நாம் நினைப்பதும் ஒரு தகவல்தான். அது தூரத்தைச் சொல்கிறது.

அன்று பெரிய இயந்திரம் தேவைப்பட்ட வேலையை இன்று மென்பொருள் தானாகச் செய்கிறது. 2007 இல் ஷாய் அவிதான், ஏரியல் ஷமிர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். மேலிருந்து கீழ்வரை, வரிசைக்கு ஒரு புள்ளியாக, பக்கத்துப் புள்ளிகளோடு அதிக வேறுபாடில்லாத ஒரு பாதையைக் கணினி தேடி, அந்தப் பாதையை மட்டும் உருவி எடுத்துவிடும். இப்படிப் பல பாதைகளை எடுத்தால் படம் ஒடுங்கும், ஆனால் ஆட்கள் ஒடுங்க மாட்டார்கள். வானமும் மணலும் சுவரும்தான் குறையும். 2008 இல் ஃபோட்டோஷாப்பின் சிஎஸ்4 பதிப்பில் இத்தகைய வசதி வந்துவிட்டது.

பயன் இருக்கிறதா? இருக்கிறது. பதாகை செய்யலாம், அழைப்பிதழ் செய்யலாம். ஆனால் கடற்கரையில் தனித்தனியே நின்ற இருவரை இந்தக் கருவி தோளோடு தோள் நிற்க வைத்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்து மாணவர் "இரு நண்பர்கள்" என்று எழுதினால் அது அவர் தவறா?

முயலகனும் கட்அவுட்டும்

இங்கே ஒரு மறுப்பு வரும். அளவை மாற்றுவதே பொய் என்றால் நம் சிற்பிகள் எல்லாம் பொய்யர்களா?

இல்லை. நடராசர் திருமேனியைப் பாருங்கள். காலடியில் முயலகன் குழந்தையளவுக்குக் கிடக்கிறான். அது கண்ணால் கண்ட அளவு கிடையாது, கருத்தின் அளவு. அறியாமை அடங்கிக் கிடக்கிறது என்பதைச் சிற்பி அளவினால் சொல்கிறார். பழைய எகிப்தியச் சிற்பங்களில் மன்னர் பெரிதாகவும் மற்றவர்கள் சிறிதாகவும் இருப்பதும் இதே மரபுதான். நம் சினிமாச் சுவரொட்டியில் நாயகன் முகம் பாதித் தாளை நிறைக்கும், வில்லன் ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுக்கு இருப்பார். யாராவது ஏமாந்தோமா?

ஏமாறவில்லை, ஏனென்றால் அங்கே அளவு ஒரு மொழி என்பது பார்ப்பவருக்கும் தெரியும், செய்தவருக்கும் தெரியும். இருவருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருக்கிறது. நிழற்படத்தில் உள்ள உடன்பாடு வேறு: "இது கேமரா கண்டது". பயிற்சிப் படத்தில் உள்ள உடன்பாடு இன்னும் கண்டிப்பானது. அங்கே மாணவருக்குப் புள்ளி போகிறது. எனவே நாம் கேட்க வேண்டியது "அளவு மாறியதா?" என்பதைவிட, "மாறியது பார்ப்பவருக்குத் தெரியுமா?" என்பதுதான்.

இரண்டு மடங்கு, நான்கு மடங்கு

கட்டுரையோடு படவிளக்கப்படம் கொடுக்கும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. டாரெல் ஹஃப் 1954 இல் புள்ளிவிவரத்தால் பொய் சொல்வது எப்படி என்பதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு பணமூட்டை உதாரணம் உண்டு. ஒருவர் சம்பளம் மற்றவருடையதைவிட இரு மடங்கு. அதைக் காட்ட மூட்டையை இரு மடங்கு உயரமாக வரைகிறார்கள். மூட்டை அகலத்திலும் இரு மடங்காகிறது. தாளில் அது நான்கு மடங்கு இடத்தைப் பிடிக்கிறது. மூட்டை என்பதால் கனத்தையும் மனம் சேர்த்துக்கொள்ளும். அப்போது எட்டு மடங்கு.

மூலையைப் பிடித்து இழுக்கும்போது நாம் செய்வது இதுவேதான். எட்வர்ட் டஃப்டி 1983 இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய மிகைப்படுத்தலை அளக்க ஒரு கணக்கே கொடுத்தார். படம் காட்டும் மாற்றத்தைத் தரவு காட்டும் மாற்றத்தால் வகுக்க வேண்டும். இங்கே தரவில் கூடியது 100 விழுக்காடு, பரப்பில் கூடியது 300 விழுக்காடு. வகுத்தால் 3. விடை 1 வந்தால்தான் படம் நேர்மையானது.

ஆசிரியர்களே, பரப்பு இரண்டு மடங்காக வேண்டுமானால் பக்கத்தை 200 விழுக்காடு என்று தட்டாதீர்கள். 141 என்று தட்டுங்கள். அதைவிட எளிது, ஒரே அளவுள்ள இரண்டு மூட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவது.

இடுப்பும் சட்டமும்

படிவம் 4, 5 மாணவர்களுக்கு இந்தப் பகுதி கருத்து விளக்கக் கட்டுரைக்கு உதவும். ஒரு பகுதியை மட்டும் சிறிதாக்கும் கருவி இன்று அதிகம் பயன்படுவது மனித உடம்பின்மேல்தான். இடுப்பைக் குறுக்கு, கண்ணைப் பெரிதாக்கு, தாடையைச் செதுக்கு. கைப்பேசியில் விரலால் தள்ளினால் போதும்.

சில நாடுகள் இதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டன. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், விளம்பரத்தில் வரும் மாடலின் உடலை மென்பொருளால் மெலியவோ பருக்கவோ வைத்திருந்தால், படம் திருத்தப்பட்டது என்று அதிலேயே குறிப்பிட வேண்டும். மீறினால் 37,500 யூரோவரை அபராதம். நார்வேயில் 2022 ஜூலை முதல், உடலின் வடிவம், அளவு அல்லது தோலை மாற்றிய விளம்பரங்களுக்கு அடையாளக் குறி கட்டாயம்.

இந்தச் சட்டங்கள் கருவியைத் தடை செய்யவில்லை. சொல்லிவிட்டுச் செய் என்கின்றன. முன்பு சொன்ன உடன்பாடு இதுதான். ஆனால் குறி போட்டால் போதுமா? குறியைப் படித்த பிறகும் கண் அந்த இடுப்பைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது என்று ஒருவர் வாதிடலாம். கட்டுரையில் இரு பக்கத்தையும் எடுத்து வையுங்கள். நாட்டையும் ஆண்டையும் குறிப்பிட்டு எழுதினால், "சமூக ஊடகம் இளைஞர்களைச் சீரழிக்கிறது" என்ற தேய்ந்த வரியைவிடக் கருத்து வலுவாக நிற்கும்.

ஆசிரியர் செய்யக்கூடியவை

சிறுவன் தெரிய வேண்டும் என்ற தேவை உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உருவத்தை இழுக்காமலேயே அதை நிறைவேற்றலாம். முழுப் படத்தையும் வெட்டிச் சுருக்கி, வேண்டிய இருவர் மட்டும் இருக்கும்படி வைக்கலாம். அப்போது எல்லாம் ஒரே விகிதத்தில் பெரிதாகும். பணப்பையை ஒரு வட்டத்துக்குள் தனியே பெரிதாக்கிக் காட்டி, ஒரு கோட்டால் இணைக்கலாம். அறிவியல் நூல்களில் பூச்சியின் காலைக் காட்டுவது இப்படித்தான், யாரும் குழம்புவதில்லை. பின்னணியை வெளுக்கச் செய்து சிறுவனை மட்டும் அடர்த்தியாக விடலாம். எதுவும் சரிவராவிட்டால் கோட்டோவியம் வரையுங்கள். கோட்டோவியம் தன்னை நிழற்படம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

நகல் எடுக்கும் முன், கதை தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டி "இதுல என்ன நடக்குது?" என்று மட்டும் கேளுங்கள். அவர் "யாரோ ஒருத்தன் பர்சை அடிச்சிட்டான்" என்றால், திருத்த வேண்டியது விடைப்பட்டியலை அல்ல, படத்தை. அதற்கு நேரமில்லாமல் படம் போய்விட்டது என்றால், சான்றோடு எழுதிய மாற்று விடைக்கும் புள்ளி கொடுக்க வேண்டும்.

மாணவர் செய்யக்கூடியவை

தேர்வில் படத்தோடு சண்டை போட முடியாது. ஆனால் படத்தை ஆதாரத்தோடு வாசிக்க முடியும். ஒருவர் வயது, உறவு, நோக்கம் மூன்றையும் உருவத்தின் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உடை, கை இருக்கும் விதம், பார்வை போகும் திசை, சுற்றி நிற்பவர்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். இரவுச் சந்தைப் படத்தில் அந்த உருவம் பள்ளிக் காலணி அணிந்திருந்தால், பணப்பையை மறைக்காமல் நீட்டிக்கொண்டிருந்தால், உயரம் என்ன சொன்னாலும் அவன் சிறுவன், அவன் திருடவில்லை.

வாய்மொழித் தேர்வில் ஐயம் இருந்தால் ஐயத்தையே பேச்சாக்கலாம். "அவர் உயரமாகத் தெரிந்தாலும், பள்ளிக் காலணி அணிந்திருப்பதால் ஒரு மாணவராக இருக்கலாம் என நினைக்கிறேன்" என்று சொன்னால், நீங்கள் காரணத்தோடு சிந்திக்கிறீர்கள் என்பது கேட்பவருக்குப் புரியும்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு நடவடிக்கை. ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் தயாரியுங்கள். ஒன்றில் மூலப்படம், மற்றதில் ஒருவரை மட்டும் 30 விழுக்காடு பெரிதாக்கியது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, எதையும் சொல்லாமல் ஆளுக்கொரு பத்தி எழுதச் சொல்லுங்கள். பிறகு பத்திகளை மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொற்கள் மாறின, பெயரடைகள் மாறினவா, வினைச்சொல் "எடுத்தான்" என்பதிலிருந்து "பறித்தான்" என்று மாறியதா என்று கரும்பலகையில் எழுதுங்கள். கடைசியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கண்மட்டக் கோட்டை அடிக்கோலால் வரைந்து காட்டுங்கள். ஒரு பாடவேளை போதும்.